ஒலிபெருக்கி வருமுன் ஒலித்த குரல்



மேலை நாடுகளில் ஓபெரா என்றொரு கலை உண்டு. தொடக்கம் முதல் இறுதி வரை பாட்டாகவே நடக்கும் நாடகம் அது. காதலனும் பாடுவான், அவனைக் குத்தக் கத்தியோடு வருகிறவனும் பாடுவான், காச நோயால் சாகக் கிடப்பவள் எழுந்து உட்கார்ந்து, பாட வேண்டியதையெல்லாம் பாடி முடித்த பிறகே கண்ணை மூடுவாள். இதைக் கேட்டு நகைப்போர் நம் வள்ளி திருமணத்தையும் கோவலன் நாடகத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அங்கும் இதே கதைதான்.

ஓபெராவில் பெரும்பாலும் கதாநாயகனுக்கு உரிய குரலை டெனர் என்பார்கள். ஆண்களின் இயல்பான குரல்களில் மிக உயர்ந்த சுருதியில் நிற்பது அது. அப்பெயர் கோவிலுக்குள் பிறந்தது என்பதைக் குருமடத்தில் இலத்தீன் பயின்ற காலத்தில் அறிந்து வியந்தோம். 'தெனேரே' என்னும் இலத்தீன் வினைக்குப் பிடித்திருத்தல், தாங்குதல் என்பது பொருள். இடைக்காலத்தில் பல குரல்களைப் பின்னிப் பாடும் முறை திருச்சபையில் வளர்ந்தபோது, மற்றக் குரல்கள் ஓடி விளையாட, வழிபாட்டின் பழைய பண்ணை நீட்டி நீட்டித் தாங்கி நின்ற குரலுக்கு அப்பெயர் அமைந்தது. தாங்கி நின்ற அக்குரல்தான் பிற்காலத்தில் அரங்கேறி, கைதட்டலுக்கும் மாலை மரியாதைக்கும் உரியதாயிற்று.

தோணிரேவு இளைஞர் சிலர் அண்மையில் கைப்பேசியில் அயல்நாட்டு டெனர் ஒருவரின் பாட்டைக் கேட்டுவிட்டு, "சாமி, இந்த ஆள் மைக் இல்லாமலே இவ்வளவு பெரிய அரங்கில் பாடுகிறாராமே! நம்மவர்களில் இப்படி யாராவது உண்டா?" என்று வினவினர். உண்டு. 1933ஆம் ஆண்டு, தமது 27ஆம் வயதில் மறைந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றி இம்மாதம் எழுத முனைந்ததற்கு அவ்வினாவே காரணம்.

இன்று தமிழ்நாட்டில் இருக்கும் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த ஊர். அங்கே கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் கிட்டப்பா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். பிள்ளைகள் பலர், வருவாயோ சொற்பம். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் வீட்டுப் பிள்ளைகள் நாடகக் கொட்டகைக்குப் போனார்கள். தமையன்மாரைப் பின்பற்றிக் கிட்டப்பாவும் ஐந்தாறு வயதிலேயே மேடை ஏறினார். ஏட்டுக் கல்வி அவருக்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். கற்றதெல்லாம் செவிவழிக் கல்வி.

அக்காலத்து நாடகச் சபைகளைப் பற்றி இளைய தலைமுறை அறியாது. வறிய வீட்டுச் சிறுவர்களைச் சேர்த்து, உண்ண உணவும் உடுக்க உடையும் கொடுத்து, வைகறையில் எழுப்பிப் பாட்டும் வசனமும் புகட்டி, இரவில் மேடையேற்றும் அமைப்புகள் அவை. வேடங்களுக்கெல்லாம் ஆங்கிலமும் தமிழும் கலந்த பெயர்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாலபார்ட், கள்ளபார்ட். இச்சபைகளுக்கெல்லாம் ஆசானாக விளங்கியவர் தூத்துக்குடிச் சீமையில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என அவர் எழுதித் தள்ளிய நாடகங்கள் பல. நம் மக்கள் நன்கறிந்த ஞானசௌந்தரி கதையையும் அவர் நாடகமாக்கினார் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவரிடம் பாடம் பெற்ற சிறுவர்களுள் ஒருவர் கிட்டப்பா.

ஒரு சிறுவன் நன்றாகப் பாடினால் அவன் குடும்பம் சோறு உண்ணும். இதில் பெருமையும் உண்டு, கொடுமையும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையின் தொண்டையை நம்பி ஒரு வீட்டின் உலை கொதித்தது என்பதை நாம் பாராட்டுரையாக எழுதிக் கடந்துவிட மனம் ஒப்பவில்லை.

அவ்வாறு பாடும் பிள்ளைகளுக்கு ஒரு கண்டம் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்று இதைச் சொல்வார்கள். அதுவரை குயில்போல் பாடியவன் ஒரு நாள் வாயைத் திறந்தால் தவளை கத்துவதுபோல் வரும். அதோடு சபையில் அவன் மதிப்பும் போகும். குரல்வளை வளர்ந்து, நாதம் எழுப்பும் தசைமடிப்புகள் நீண்டு தடிப்பதால் நிகழும் இயற்கை மாற்றம் இது, நோயன்று. அந்த மாதங்களில் தொண்டையை வருத்தாமல் விட்டால் புதிய குரல் தானே வந்து அமரும். இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் பாடகர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: "திருவிழா வருகிறதே, அந்தப் பையன்தானே எப்போதும் மேலே பாடுவான்" என்று அவனை அந்த மாதங்களில் கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் பின்வரிசையில் நின்று வாயசைத்தாலும் போதும்.

கிட்டப்பாவுக்கு நேர்ந்ததோ அபூர்வம். சிறுவயதின் உயரத்தை இழக்காமல், வளர்ந்த ஆணின் வலிமையும் சேர்ந்த குரல் அவருக்கு அமைந்தது. சென்னையில் கன்னையா கம்பெனி என்று மக்களால் அழைக்கப்பட்ட ஸ்ரீ கிருஷ்ண விநோத சபையில் அவர் சேர்ந்தார். கண்ணைப் பறிக்கும் காட்சி ஜோடனைகளுக்குப் பேர்போன சபை அது; அதன் தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க மக்கள் திரள் திரளாக வந்தனர். அத்தனை ஜோடனைகளுக்கு நடுவிலும் ஒரு பையனின் தொண்டை தனியே பேசப்பட்டது என்றால் அது எத்தகைய தொண்டையாக இருந்திருக்க வேண்டும்!

இங்கே அந்தக் குரலின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நம் ஏரியில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரு தோணியில் இருப்பவர் தொலைவில் உள்ள மற்றொரு தோணியை அழைக்கும்போது, பேசும் குரலில் பேசுவதில்லை. தாழ்ந்த குரலைக் காற்று தின்றுவிடும். ஆகவே சுருதியை உயர்த்தி, வாயை அகலத் திறந்து, பெயரின் கடைசி எழுத்தை நீட்டி, "ஓ" என்றோ "ஏ" என்றோ விடுவார்கள். யாரும் அவர்களுக்கு இதைக் கற்பிக்கவில்லை. தேவையே கற்பித்தது.

மேடைப் பாடகரின் வித்தையும் அடிப்படையில் இதுதான். கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர். ஒலிவாங்கி இல்லை, பெருக்கி இல்லை. பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம். முன்னால் கடலை விற்பவனின் கூவல், அழும் குழந்தை, இருமல். இவை அனைத்தையும் தாண்டித் தரை டிக்கெட்டின் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்குச் சொல்லும் பொருளும் விளங்கப் பாட வேண்டும். 1970களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுந்தபரி இதன் காரணத்தை விளக்கினார். பெரிய வாத்தியக் குழுவின் ஒலி வலிமை, வினாடிக்கு ஏறத்தாழ ஐந்நூறு அதிர்வுகள் உள்ள இடத்தில் குவிந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயின்ற ஓபெராப் பாடகரின் குரலிலோ, வினாடிக்கு ஏறத்தாழ மூவாயிரம் அதிர்வுகள் உள்ள இடத்தில் தனியே ஒரு செறிவு எழுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தையே. வாத்தியங்கள் விட்டுவைத்த அந்தச் சாளரத்தின் வழியே ஒற்றைக் குரல் வெளியேறிவிடுகிறது. வெறும் கத்தலால் ஆகிற காரியம் அன்று.

சுருதியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. நம் இசையில் ஆதார ஸட்ஜத்தைக் கட்டை என்று ஆர்மோனியத்தை வைத்துச் சொல்வது வழக்கம். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். ஐந்து கட்டை என்பது பெண்களின் சுருதி. கிட்டப்பா காலத்து நாடக ராஜபார்ட்டுகளோ நாலு கட்டை, ஐந்து கட்டை என்று வைத்துக்கொண்டு பாடினார்கள். நாலு கட்டையில் நின்று மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைப் பிடிக்கும் ஆண் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறார் தெரியுமா? இத்தாலிய டெனர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்து, அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கும் 'உயர்ந்த ஸி' என்னும் அதே ஸ்வரத்தில்! நேப்பிள்ஸ் நகரத்துப் பாடகனும் செங்கோட்டைப் பாடகனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே படியில் ஏறி நின்றிருக்கிறார்கள்.

அந்த 'உயர்ந்த ஸி' ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறது. ரொசீனி இயற்றிய 'வில்லியம் டெல்' என்னும் ஓபெரா 1829இல் பாரிஸ் நகரில் அரங்கேறியபோது நாயகனாகப் பாடியவர் அதோல்ப் நூரி. அந்த உச்ச ஸ்வரங்களை அவர் அன்றைய வழக்கப்படி மென்மையான தலைக்குரலில் தொட்டுவிட்டு இறங்குவார். 1837இல் ழில்பேர் துப்ரே என்பவர் அதே பாகத்தில் தோன்றி, அதே ஸ்வரத்தை நெஞ்சுக் குரலின் முழு வலிமையோடு முழங்கினார். பாரிஸ் பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. இயற்றிய ரொசீனிக்கே அந்த முழக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். ஆனால் இரசிகர்கள் யாரைக் கேட்டார்கள்? துப்ரே வருவதை அறிந்ததுமே பதவி துறந்த நூரி, இத்தாலிக்குச் சென்று தம் குரலை மாற்றிக்கொள்ள முயன்று, பழைய இனிமையையும் இழந்து, 1839ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37. வெற்றி பெற்ற துப்ரேயின் குரலும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இரசிகர்கள் கேட்பதற்கு முடிவில்லை என்பதற்காக இதைச் சொன்னோம். நம் கொட்டகைகளில் அதற்குப் பெயர் "ஒன்ஸ்மோர்". கிட்டப்பா ஒரு விருத்தத்தை எடுத்து, இராகத்தை விரித்து, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி இறங்கினார் என்றால், இறங்கிய காலை ஊன்ற விடமாட்டார்கள். ஒன்ஸ்மோர்! தமிழ் விருத்தமும், தியாகராஜரின் கீர்த்தனையும், தேசபக்திப் பாட்டும் ஒரே நாடகத்தில் வந்துபோகும். கதையில் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று எவரும் கவலைப்படுவதில்லை. வேடன் வேடத்தில் நின்றுகொண்டு தெலுங்குக் கீர்த்தனை பாடினாலும் அது கிட்டப்பாவின் பாட்டு, அவ்வளவே. மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 1903இல் ஒரு டெனரின் பாட்டை மறுபடியும் பாடச் சொல்லிக் கூட்டம் கூச்சலிட்டபோது, இசை நடத்துநர் தொஸ்கனீனி நிகழ்ச்சியின் நடுவிலேயே வெளியேறிவிட்டார். அவ்வளவு கண்டிப்பு நமக்கு வேண்டாம் என்று நினைத்தாலும், தமிழ் நாடகத்துக்கு அப்படி ஒரு கண்டிப்பானவர் வாய்த்திருந்தால் கிட்டப்பா இன்னும் சில ஆண்டுகள் பாடியிருப்பாரோ என்றும் தோன்றுகிறது.

மேலை நாட்டு டெனர்களில் புகழின் கொடுமுடியைத் தொட்டவர் என்ரிக்கோ கருசோ. நேப்பிள்ஸில் 1873இல் தொழிலாளி வீட்டில் பிறந்து, சிறுவனாகக் கோவிலில் பாடத் தொடங்கியவர். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரங்கில் 1903 முதல் 1920 வரை எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்ட முறை பாடினார். வகுத்துப் பார்த்தால் அவ்வரங்குக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது இரவுகள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அதிலும் மற்றவர்கள் பாடும்போது இவருக்கு ஓய்வு. அப்படியிருந்தும் 1920 திசம்பர் 11ஆம் நாள் புரூக்ளினில் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. துவாலையால் துடைத்துக்கொண்டே முதல் அங்கத்தைப் பாடி முடித்தார். அடுத்த ஆகஸ்டு மாதம், 48 வயதில் இறந்தார்.

நம் நாடகமோ இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை நடக்கும். விடிந்ததும் அடுத்த ஊருக்கு ரயில். அன்றிரவு மறுபடியும் முகத்தில் அரிதாரம். தூக்கத்தைக் கெடுத்துத் தொண்டையை உழைக்க வைக்கும் இந்த வாழ்க்கையைக் கிட்டப்பா ஐந்தாறு வயதில் தொடங்கி 27 வயது வரை வாழ்ந்தார்.

1924இல் அவருக்குக் கிட்டம்மாளைத் திருமணம் செய்துவைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இலங்கை சென்றபோது கொழும்பு மேடையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். 1908இல் பிறந்த அவரும் வறுமையால் சிறுவயதிலேயே மேடைக்கு வந்தவர். ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையில் நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. அவரவர் தனித்தனியே ஒப்பந்தமாகி, நேரே மேடையில்தான் எதிரெதிரே நிற்பார்கள். ராஜபார்ட் ஒரு பாட்டைப் போட்டால் ஸ்திரீபார்ட் அதை மிஞ்ச வேண்டும். தோற்றவருக்கு அடுத்த ஊரில் வேலை இல்லை. கிட்டப்பாவின் குரலுக்கு முன் இந்தப் பெண் நிற்பாளா என்று பலரும் ஐயுற்றதாகச் சொல்வார்கள். வேலனும் வள்ளியுமாக அவர்கள் நின்றபோது ஐயம் தீர்ந்தது. ஆண்குரலும் பெண்குரலும் ஒரே சுருதியில் நின்று வாதாடும் விந்தையைத் தமிழுலகம் கேட்டது.

1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டம்மாள் என்னும் பெண்ணின் நிலை என்னவாயிற்று என்று கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. சுந்தராம்பாளுக்கும் அம்மணம் நிறைவு தரவில்லை. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. மனத்தாங்கல் வளர்ந்தது, பிரிந்திருந்த நாட்கள் மிகுந்தன. அக்காலத்தில் அவ்வம்மையார் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சில் வந்துள்ளன. அவற்றைப் படிப்போர் மேடையில் கேட்ட வள்ளியை அங்கே காணமாட்டார்கள். கணவன் வருவானா என்று வழிபார்த்திருக்கும் எளிய பெண்ணையே காண்பார்கள்.

இடையில் குடி வந்து சேர்ந்தது. இரவெல்லாம் விழித்துப் பாடுகிறவனுக்கு உடல் வலிக்கும். வலி தெரியாமலிருக்க ஒரு வாய். உறக்கம் வர மறுவாய். கடலிலும் ஏரியிலும் இரவெல்லாம் நனைந்து வருகிறவர்கள் சொல்வதும் இதே காரணத்தைத்தான். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட இருந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். ராஜபார்ட் மேடையேறினால்தான் அன்றைய வசூல். ஏறுவதற்கு எது வேண்டுமோ அதை வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தது. "இன்றைக்கு நாடகம் வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்வதால் ஆதாயம் அடையக்கூடியவர் எவரும் அந்தக் கொட்டகையில் இல்லை. முன்வரிசையில் ஒன்ஸ்மோர் கேட்டவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

1933ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. திரைப்படம் ஒன்றிலும் அவர் நடிக்கவில்லை. அவர் முகம் அசைவதை நாம் பார்க்க வழியில்லை. இசைத்தட்டுகளில் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்த இசைத்தட்டுகளுக்கும் கருசோவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1902 ஏப்ரலில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் மிலான் நகர விடுதி அறை ஒன்றில் கருசோவை நிறுத்தி, ஒரு பிற்பகலில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். கூலி நூறு பவுன். அதே கைஸ்பர்க் அதே ஆண்டின் இறுதியில் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுகளைப் பதிவு செய்தார். இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் அவ்வாறு வேர்விட்டது. அது தமிழ்நாட்டுக்கும் பரவியதால்தான் கிட்டப்பாவின் குரல் தட்டில் பதிந்தது. ஆயினும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். கொட்டகையில் நெடுநேரம் விரியும் விருத்தம் அதற்குள் அடங்க வேண்டும். ஓடி வந்து, உச்சியைத் தொட்டு, மூச்சு வாங்காமல் இறங்கிவிடுகிறார். பெருங்கடலைச் சிமிழில் அடைத்ததுபோல என்று எழுதலாம். ஆனால் அந்தச் சிமிழும் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

கிட்டப்பாவின் பாணியில் உயர்ந்த சுருதியில் பாடிப் பெயர் பெற்றவர்களுள் சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கம் குறிப்பிடத்தக்கவர். 1978இல் மறைந்த அவரைத்தான் 1948இல் சிட்டாடல் நிறுவனம் எடுத்த ஞானசௌந்தரி படத்தில் நாயகனாக நம் முந்தைய தலைமுறை கண்டது. அப்படத்தில் வரும் தேவமாதா பாட்டை இன்றும் நம் இல்லங்களில் முணுமுணுக்கும் பாட்டிமார் உண்டு. அப்பாட்டைப் பாடியவர்கள் பெண்கள் என்றாலும், படத்தின் கதை சங்கரதாசரின் கொட்டகையிலிருந்து வந்த வழியை எண்ணும்போது, செங்கோட்டைச் சிறுவன் நின்ற மேடைக்கும் நம் இல்லத்துச் செபமாலை நேரத்துக்கும் இடையே ஒரு நூலிழை ஓடுவது புலப்படுகிறது.

சுந்தராம்பாளுக்குக் கணவர் இறந்தபோது வயது 25. நகைகளைக் களைந்து வெள்ளை உடை உடுத்தினார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் நந்தனார் படத்துக்கு அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அக்காலத்தில் கேட்டவர் வாயைப் பிளந்த தொகை. அதில் அவர் ஏற்றது நந்தனார் வேடமே. ஆண்வேடம் தரித்தவருக்கு ஜோடி ஏது? பின்னர் ஔவையார் ஆனார். சென்னை மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1980இல் மறையும் வரை, 47 ஆண்டுகள், அந்த வெள்ளை உடையை மாற்றவில்லை.

வினா எழுப்பிய இளைஞர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். கிட்டப்பாவின் பாட்டுகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தட்டின் கீறல் ஒலி முதலில் தொந்தரவாக இருக்கும். மூன்றாவது முறை கேட்கும்போது அது காதில் விழாது. 'எவரனி' என்னும் தியாகராஜர் கீர்த்தனையில் தொடங்குங்கள். காதில் மாட்டும் கருவியோடு கேட்பதாக இருந்தால் ஒலியை முன்னதாகவே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசி வரிசைக்காரனுக்காகப் பாடிப் பழகியவர்.